விழாத சீட்டின் பணம் எங்கே போயிற்று?

தகடூர் என்ற பெயரைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அன்றைய தகடூரே இன்றைய தருமபுரி. அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, கிடைத்தற்கரிய நெல்லிக்கனி ஒன்றைத் தான் உண்ணாமல் ஒளவையாருக்கு அளித்தான் என்பது நாம் அனைவரும் அறிந்த செய்தி. இந்தக் கொடையில் மூன்று செய்திகள் தெளிவாக இருக்கின்றன. கொடுத்தவர் யார் என்று தெரியும். கொடுத்தது எவ்வளவு என்று தெரியும். அது ஒரு முழுக் கனி. பெற்றவர் யார் என்பதும் தெரியும்.

இனி, அதே தருமபுரியின் பேருந்து நிலையத்தில் சில பத்தாண்டுகளுக்கு முன் இருந்த ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். பலகை ஒன்றில் வண்ண வண்ணச் சீட்டுகளை வரிசையாகக் கோத்துத் தொங்கவிட்டு ஒருவர் விற்கிறார். கூலி வேலை முடித்து ஊர் திரும்பும் ஒருவர் மடியிலிருந்து காசை எடுத்து ஒரு சீட்டு வாங்குகிறார். அவர் காதில் ஒரு முழக்கம் ஒலிக்கிறது: ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’.

வீட்டுக்கு விழுந்தது யாருக்கு என்பதை நாளிதழ்கள் எண்ணோடு அச்சிட்டன. நாட்டுக்கு விழுந்தது எவ்வளவு? நாட்டின் எந்தப் பகுதிக்கு, எந்த நற்பணிக்கு அது போயிற்று? சீட்டு வாங்கியவரில் எத்தனை பேர் அதைக் கேட்டார்கள்? குலுக்கல் பணத்தை நற்பணிகளுக்குப் பங்கிடுவது ஒரு நீண்ட வரலாறு. அதைச் சற்று விரிவாகக் காண்போம்.

ஒரு ரூபாயைப் பிரித்துப் பார்ப்போம்

வரலாற்றுக்குள் புகுமுன் ஒரு சிறு கணக்கு. ஒரு குலுக்கலில் பத்து லட்சம் சீட்டுகள், ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். திரண்ட தொகை பத்து லட்சம் ரூபாய். இதில் சரிபாதியைப் பரிசாகக் கொடுத்துவிடுகிறார்கள் என்று கொள்வோம். அச்சுக் கூலி, விளம்பரம், முகவர் தரகு, சில்லறை விற்பவரின் பங்கு ஆகியவற்றுக்கு முப்பது காசு போகிறது. எஞ்சிய இருபது காசுதான் ‘நாட்டுக்கு’.

இது விளக்கத்துக்காக நாம் அமைத்த கணக்கே. ஆனால் உண்மை நிலை இதிலிருந்து வெகு தொலைவில் இல்லை. நம் அண்டை மாநிலமான கேரளத்தில் 2018-19-ஆம் ஆண்டில் அரசுப் பரிசுச் சீட்டு விற்பனை ஒன்பதாயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. அதில் அரசுக்குக் கிடைத்த லாபம் 1,700 கோடியை எட்டவில்லை. அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு நற்பணிக்கு நீங்கள் நேராக ஒரு ரூபாய் கொடுத்தால் ஏறக்குறைய ஒரு ரூபாயும் அங்கே போய்ச் சேரும். சீட்டு வழியாகக் கொடுத்தால் பெரும்பகுதி வழியிலேயே நின்றுவிடும். இதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

‘அதனால் என்ன, பரிசு கிடைக்கும் வாய்ப்பு இருக்கிறதே’ என்று கேட்கலாம். அதையும் கணக்கிடுவோம். நம் கற்பனைக் குலுக்கலில் ஒரு சீட்டுக்கு முதற்பரிசு விழும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று. வாரம் ஒரு சீட்டு வாங்குபவருக்குப் பத்து லட்சம் வாரங்கள் என்றால் ஏறக்குறைய 19,000 ஆண்டுகள். அதியமான் காலத்திலேயே ஒருவர் சீட்டு வாங்கத் தொடங்கி, வாரந்தவறாமல் இன்றுவரை வாங்கியிருந்தாலும், அவருக்கு ஒரு முறையேனும் முதற்பரிசு விழுந்திருக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்றுதான். சென்ற வாரம் விழாததால் இந்த வாரம் விழும் என்பதும் இல்லை. சென்ற வாரத்தை குலுக்கல் உருளை நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

ஆகவே சீட்டு வாங்குவோரில் மிகப் பெரும்பாலோரின் காசு ‘விழாத’ காசு. அந்தக் காசிலிருந்து திரண்ட பொதுப் பங்கை யார், எப்படிப் பங்கிட்டார்கள் என்பதே நம் கேள்வி.

துறைமுகமும் அருங்காட்சியகமும்

சூதாட்டத்தில் அரசு தன் பங்கை எடுப்பது மிகப் பழைய வழக்கம். கௌடலியரின் அர்த்தசாத்திரம் சூதாட்டக் களங்களைக் கண்காணிக்கத் தனி அதிகாரி ஒருவரை நியமிக்கச் சொல்கிறது. வென்றவர் பெற்ற தொகையில் நூற்றுக்கு ஐந்து அரசுக்குச் சேர வேண்டும் என்பது அதன் விதி. ஆனால் அந்தப் பணம் இன்ன நற்பணிக்கு என்ற பேச்சு அங்கே இல்லை. நம் திருக்குறளோ ஈகையை அறத்துப்பாலில் இருபத்து மூன்றாம் அதிகாரமாகவும், சூதைப் பொருட்பாலில் தொண்ணூற்று நான்காம் அதிகாரமாகவும் வைத்தது. அவ்வளவு தொலைவில் இருந்த இரண்டையும் ஒரே சீட்டில் அச்சிட்டது பிற்கால அரசுகளின் வேலை.

இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் அரசி 1567-ஆம் ஆண்டில் ஒரு குலுக்கலை அறிவித்தார். பழுதுபட்ட துறைமுகங்களைச் செப்பனிடவும் பிற பொதுப்பணிகளுக்கும் பணம் வேண்டும்; புதிய வரி போட்டால் மக்கள் முணுமுணுப்பர். எனவே நான்கு லட்சம் சீட்டுகள், சீட்டு ஒன்று பத்து ஷில்லிங் என்று வெளியிட்டார். சீட்டு வாங்கியவரைக் கொலை, கொள்ளை, அரசத் துரோகம் போன்ற பெருங்குற்றங்கள் தவிர வேறு எதற்கும் சில நாட்களுக்குக் கைது செய்ய மாட்டோம் என்ற சலுகையும் கொடுத்தார். அப்படியும் விற்பனை எதிர்பார்த்த அளவில் நடக்கவில்லை. குலுக்கல் 1569-ஆம் ஆண்டில்தான் நடந்து முடிந்தது. ‘வரிக்குப் பதில் சீட்டு’ என்ற எண்ணம் மட்டும் நிலைத்துவிட்டது.

அடுத்த எடுத்துக்காட்டு இன்னும் தெளிவானது. ஹான்ஸ் சுலோன் என்ற மருத்துவர் தம் வாழ்நாள் முழுதும் திரட்டிய அரும்பொருள்களை நாட்டுக்கு வாங்கிக்கொள்ள 1753-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதற்கான பணம் குலுக்கலில் திரட்டப்பட்டது. சீட்டு ஒன்று மூன்று பவுன். ஒரு லட்சம் சீட்டுகள். மொத்தம் மூன்று லட்சம் பவுன். அதில் இரண்டு லட்சம் பரிசு. செலவு போக மீதியில் சுலோனின் தொகுப்பும், பழஞ்சுவடித் தொகுப்பு ஒன்றும், அவற்றை வைக்க ஒரு மாளிகையும் வாங்கப்பட்டன. இலண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகம் இப்படித்தான் பிறந்தது. இங்கே குலுக்குமுன்னரே ‘இன்ன பணிக்கு’ என்று சட்டத்தில் எழுதப்பட்டிருந்ததைக் கவனியுங்கள். ஆயினும் ஊழல் தலைகாட்டாமல் இல்லை. ஒருவருக்கே அளவுக்கு மீறிச் சீட்டு விற்கக் கூடாது என்ற விதியை மீறியதற்காக, அதை நடத்திய லெஹூப் என்ற அதிகாரிக்கு ஆயிரம் பவுன் அபராதம் விதிக்கப்பட்டது.

இந்தப் பழக்கம் கும்பினியாரோடு கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது. கல்கத்தாவின் நகர மண்டபம் 1813-ஆம் ஆண்டில் குலுக்கல் பணத்தில் எழுந்தது. அங்கே 1817-ஆம் ஆண்டில் ‘குலுக்கல் குழு’ என்றே ஒரு குழு அமைக்கப்பட்டு, அந்த நகரின் புகழ்பெற்ற சாலைகள் பலவும் குளங்களும் அதன் நிதியால் உருவாயின. 1836-ஆம் ஆண்டோடு அந்தப் பணி நின்றது. சென்னையிலும் ஐரோப்பியரிடம் திரட்டிய குலுக்கல் நிதி இருந்தது. 1815-ஆம் ஆண்டில் கட்டி முடிந்த செயின்ட் ஜார்ஜ் பேராலயம் அந்த நிதியின் உதவியால் எழுந்ததே. கல்கத்தாவிலும் சென்னையிலும் அக்காலக் குலுக்கல் பணத்தின் பயனைக் கட்டடமாகவும் தெருவாகவும் இன்றும் காட்ட முடிகிறது.

அதே காலத்தில் தருமபுரிப் பக்கம் என்ன நடந்தது? இப்பகுதி அன்று பாராமகால் என்று பெயர் பெற்றிருந்தது. 1792-ஆம் ஆண்டில் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவர் துணைவர் தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து, குடியானவர் ஒவ்வொருவரும் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று எழுதினார்கள். அந்த வரி கடுமையானதா, மென்மையானதா என்பது வேறு விவாதம். ஆனால் வரி என்ற முறையில் ‘யாரிடமிருந்து எவ்வளவு’ என்பதற்கு ஓர் ஏடு இருந்தது. மண் வளம் குறைந்தவனுக்குக் குறைவாகப் போடு என்று வாதாட இடம் இருந்தது. குலுக்கலில் அந்த ஏடே கிடையாது. ஆளின் வசதிக்கு ஏற்ப வரி விதிக்கப்படலாம். சீட்டோ ஆளின் ஆசைக்கு ஏற்பப் பணத்தை ஈர்க்கிறது. இல்லாதவனுக்குத்தானே ஆசை அதிகம்!

இந்த உண்மையை இங்கிலாந்தே உணர்ந்தது. ஏழைக் குடும்பங்கள் குலுக்கலால் சீரழிவதை 1808-ஆம் ஆண்டில் நாடாளுமன்றக் குழு ஒன்று எடுத்துக்காட்டியது. 1826-ஆம் ஆண்டோடு அங்கே அரசுக் குலுக்கல் நிறுத்தப்பட்டது. இந்தியாவில் 1844-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அரசு அனுமதி பெறாத குலுக்கல்கள் அனைத்தையும் தடை செய்தது. ‘அரசு அனுமதி பெறாத’ என்ற சொற்களை மறந்துவிடாதீர்கள். கதவு முழுதாக மூடப்படவில்லை. சாவி அரசின் கையில் இருந்தது.

மீண்டும் திறந்த கதவு

விடுதலைக்குப் பின் வந்த அரசியல் சட்டம், சூதாட்டத்தை மாநிலங்களின் பட்டியலில் வைத்தது. ஆனால் அரசுகளே நடத்தும் பரிசுச் சீட்டை மட்டும் மத்தியப் பட்டியலில் நாற்பதாவது இனமாகத் தனியே வைத்தது.

கேரள அரசு 1967 நவம்பரில் சீட்டு விற்கத் தொடங்கி, 1968 ஜனவரி 26 அன்று முதல் குலுக்கலை நடத்தியது. சீட்டு ஒரு ரூபாய். முதற்பரிசு ஐம்பதாயிரம் ரூபாய். அதே 1968-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது அரசுப் பரிசுச் சீட்டு தொடங்கிற்று.

அந்நாளைய நிதி நெருக்கடியை நாம் நினைவுகூர வேண்டும். ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற திட்டம் 1967-ஆம் ஆண்டில் தொடங்கியபோது, அதைச் சென்னை, கோவை நகரங்களுக்கு அப்பால் மாநிலம் முழுதும் விரிக்க நிதி இடம் தரவில்லை. பள்ளிகள் வேண்டும், சாலைகள் வேண்டும், மருத்துவமனைகள் வேண்டும். புதிய வரியோ யாருக்கும் கசக்கும். சேலத்திலிருந்து பிரிந்து 1965 அக்டோபர் 2 அன்று பிறந்த தருமபுரி மாவட்டத்துக்கு அப்போது வயது மூன்றுகூட நிரம்பவில்லை. மழை குறைந்த, தொழில் வளராத அந்தப் புது மாவட்டத்தின் தேவைகள் எத்தனையோ. இந்த நிலையில், தானாக முன்வந்து மக்கள் கொடுக்கும் பணமாகப் பரிசுச் சீட்டு தோன்றியதில் வியப்பில்லை.

ஆனால் உள்ளுறுத்தல் தொடர்ந்தது. கலைஞர் கருணாநிதி தலைமையில் இருந்த அரசு 1975-ஆம் ஆண்டில் இதை நிறுத்தியது. 1980களில் மீண்டும் வந்தது. தொடங்குவதும் நிறுத்துவதுமாக அரசு ஊசலாடியது. இந்த ஊசலாட்டமே, இது மற்ற வருமானங்களைப் போன்றதன்று என்பதை எல்லோரும் உள்ளூர அறிந்திருந்தார்கள் என்பதற்குச் சான்று.

ஏரியில் விழுந்த குடம் நீர்

சரி, ‘நாட்டுக்கு’ வந்த பணம் எங்கே போயிற்று? விடை எளிது: பொதுக் கருவூலத்துக்கு. அரசியல் சட்டத்தின் 266-ஆம் பிரிவின்படி ஒரு மாநில அரசின் வருவாய் எல்லாம் ஒரே திரட்டு நிதியில் சேர வேண்டும். சட்டமன்றத்தின் ஒப்புதலோடுதான் அதிலிருந்து செலவு செய்ய முடியும். மாநில அரசுகளின் கணக்கில் பரிசுச் சீட்டு வருமானம் ‘பல்வகைப் பொதுப்பணிகள்’ என்ற தலைப்பின் கீழ் ஒரு வரியாக வரும். ஒரு பக்கம் விற்பனைத் தொகை; மறுபக்கம் பரிசும் தரகும். இரண்டையும் கழித்துப் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் உண்மை வருமானம் விளங்கும்.

இதை ஓர் ஏரியாக எண்ணிப் பாருங்கள். பல ஓடைகளின் நீர் ஏரியில் சேர்கிறது. ஏரியிலிருந்து பல மதகுகள் வழியே வயல்களுக்குப் பாய்கிறது. ‘என் வயலுக்கு வந்த நீர் எந்த ஓடையின் நீர்?’ என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. அதுபோல, 1968-ஆம் ஆண்டில் பென்னாகரத்திலோ அரூரிலோ விற்ற சீட்டின் காசு எந்தப் பள்ளிக் கூரையாயிற்று என்று எந்த அதிகாரியாலும் காட்ட இயலாது. அந்தக் காசுக்கெனத் தனி வாய்க்கால் வெட்டப்படவே இல்லை.

இது தவறான முறையா? அப்படிச் சொல்லிவிட முடியாது. நிதி அறிஞர் பலர் இதுவே சிறந்த முறை என்பார்கள். எந்தத் தேவை பெரிது என்பதை மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றம் ஆண்டுதோறும் எடைபோட்டு முடிவு செய்யலாம். இந்தப் பணம் இந்த வேலைக்கே என்று கட்டிப்போட்டால், ஓர் இடத்தில் பணம் தேங்கும். இன்னோர் இடத்தில் வறட்சி இருக்கும். இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு விலையும் இருக்கிறது. பொது ஏரியில் கலந்த பின், ‘விழாவிட்டால் நாட்டுக்கு’ என்ற வாக்கு நிறைவேறியதா என்று சரிபார்க்கும் வழி வாங்கியவருக்கு அடைபட்டுவிடுகிறது.

தனி வாய்க்கால் வெட்டியவர்கள்

மாற்று வழியை முயன்றவர்களும் உண்டு. 1826-ஆம் ஆண்டில் கதவை மூடிய பிரிட்டன் 1993-ஆம் ஆண்டின் சட்டத்தால் அதை மீண்டும் திறந்தது. முதல் குலுக்கல் 1994 நவம்பர் 19 அன்று நடந்தது. தொடக்க ஆண்டுகளில் பவுன் ஒன்றுக்கு ஏறக்குறைய 28 பென்சு நற்பணிகளுக்கு ஒதுக்கப்பட்டது. 12 பென்சு அரசுக்கு வரி. நற்பணிப் பணத்தைக் கலை, விளையாட்டு, பண்டைச் சின்னங்கள், அறப்பணிகள், புத்தாயிரம் ஆண்டு விழாத் திட்டங்கள் என ஐந்தாகச் சமமாகப் பிரித்தார்கள். இப்போதைய பங்கீட்டில் உடல்நலம், கல்வி, சுற்றுச்சூழல், அறப்பணிகள் ஆகியவை சேர்ந்து 40 விழுக்காடு. விளையாட்டு, கலை, பண்டைச் சின்னங்கள் ஒவ்வொன்றும் 20 விழுக்காடு. பணம் கொடுக்கும் முடிவை அமைச்சர்கள் நேரடியாக எடுப்பதில்லை. அதற்கெனத் தனி வாரியங்கள் உள்ளன.

எல்லாம் எழுதப்பட்டுவிட்டதால் சச்சரவு நீங்கிவிட்டதா? இல்லை. 1995-ஆம் ஆண்டில் இலண்டனின் அரச இசைநாடக அரங்குக்கு 7 கோடியே 85 லட்சம் பவுன் ஒதுக்கப்பட்டபோது நாடெங்கும் கூச்சல் எழுந்தது. சீட்டு வாங்குபவர்களில் பெரும்பாலோர் உழைப்பாளிகள். அந்த அரங்குக்குப் போகிறவர்கள் வசதி படைத்தவர்கள். ஏழையின் காசில் செல்வர் இசை கேட்பதா என்று செய்தித்தாள்கள் கேட்டன. பிரிட்டன் மக்கள் இப்படிக் கேட்க முடிந்ததற்குக் காரணம், கணக்கு வெளிப்படையாக இருந்ததே.

இன்னொரு நுட்பமான சிக்கலும் எழுந்தது. ஒரு மருத்துவமனைக்கு அரசு ஆண்டுதோறும் நூறு கோடி கொடுத்து வருகிறது என்று கொள்வோம். குலுக்கல் நிதியிலிருந்து இருபது கோடி கிடைக்கிறது. மறு ஆண்டு நிதித்துறை தன் பங்கை எண்பது கோடியாகக் குறைத்துவிட்டால்? மருத்துவமனைக்கு ஒரு காசும் கூடவில்லை. நற்பணிப் பலகை மட்டும் வாசலில் தொங்கும். இதைத் தடுக்கவே, குலுக்கல் பணம் அரசு செய்ய வேண்டிய செலவுக்கு மாற்றாகாது, அதற்கு மேல் கூடுதலாகவே இருக்க வேண்டும் என்ற நெறியை அங்கே வகுத்தார்கள். 1998-ஆம் ஆண்டில் கல்விக்கும் உடல்நலத்துக்கும் புதிய பங்கு சேர்த்தபோது, அந்த நெறியே மீறப்படுகிறது என்று பலர் குறை கூறினர்.

கேரளமும் ஒரு தனி வாய்க்காலை வெட்டியது. கே. எம். மாணி நிதியமைச்சராக இருந்தபோது 2011-ஆம் ஆண்டில் ‘காருண்யா’ என்ற பெயரில் ஒரு சீட்டு தொடங்கப்பட்டது. அதன் வருமானத்தைக் கொண்டு புற்றுநோய், இதயநோய், சிறுநீரக நோய், குருதி உறையாமை போன்றவற்றால் துன்புறும் ஏழைகளுக்கு உதவும் நிதி நிறுவப்பட்டது. சீட்டு வாங்கியவர் ‘என் காசு ஒரு நோயாளிக்குப் போகிறது’ என்று சொல்ல முடிந்தது. பின்னர் அத்திட்டம் பொதுவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. தனி வாய்க்கால் மீண்டும் பெரிய ஏரியை நோக்கியே திரும்பிற்று எனலாம்.

தருமபுரியின் தாகம்

இந்த இரு முறைகளையும் ஓர் உண்மைத் தேவையின் மேல் வைத்து உரசிப் பார்ப்போம். தருமபுரியின் மிகப் பெரிய நற்பணி எது என்று அம்மாவட்டத்துப் பெரியவர்களைக் கேட்டால், பலர் குடிநீர் என்பார்கள். இப்பகுதியின் பாறைகளில் உள்ள ஃபுளூரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. ஆழ்துளைக் கிணறு ஆழமாகப் போகப் போக, பல இடங்களில் சிக்கல் முற்றுகிறது. ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லிகிராம் வரை ஃபுளூரைடு இருக்கலாம். வேறு நீர் இல்லாத இடத்திலும் ஒன்றரையைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படியும். நாளடைவில் எலும்புகளும் மூட்டுகளும் இறுகி, நிமிர்ந்து நடப்பதே கடினமாகும்.

அருகிலேயே ஒகேனக்கல்லில் காவிரி பாய்கிறது. அந்த நீரை மேட்டுக்கு ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசெல்ல வேண்டும். அதற்கான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டது; 2013-ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களுக்கான அத்திட்டத்தின் மதிப்பு சுமார் 1,928 கோடி ரூபாய். அதில் பெரும் பணம் ஜப்பானின் பன்னாட்டு ஒத்துழைப்பு முகமை கொடுத்த கடன். அக்கடனை அடைப்பது பொது வருவாய்.

இதிலிருந்து என்ன கற்கிறோம்? மிகப் பெரிய நற்பணிகள் அதிர்ஷ்டத்தை நம்பிக் காத்திருக்க முடியாது. குழாய் பதித்தால் போதாது. ஏற்று இயந்திரம் ஒவ்வொரு நாளும் ஓட வேண்டும். மின் கட்டணம் ஒவ்வொரு மாதமும் கட்ட வேண்டும். சீட்டு விற்பனை இந்த ஆண்டு ஏறும், அடுத்த ஆண்டு இறங்கும், ஒரு நாள் அரசாணை ஒன்றால் நின்றே போகும். குடிநீரை அதன் மேல் கட்ட முடியுமா? முடியாது. அதற்கு நிலையான வரியும், முறையான கடனும், சட்டமன்றத்தின் பொறுப்பும் வேண்டும். பொது ஏரியின் அருமை இங்கே விளங்குகிறது.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். இந்தத் திட்டத்துக்கு இன்ன தொகை, இன்னாரிடமிருந்து, இன்ன ஊர்களுக்கு என்று எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே குழாயில் நீர் வராத ஊர்க்காரர் ‘எங்கள் ஊர் பட்டியலில் இருக்கிறதே, நீர் எங்கே?’ என்று கேட்க முடியும். பரிசுச் சீட்டு விற்ற ஆண்டுகளில் அப்படிக் கேட்க அவர் கையில் பட்டியல் எதுவும் இல்லை. வெறும் முழக்கம்தான் இருந்தது.

கொடுத்தவர் யார்?

இதுவரை பணம் யாருக்குப் போயிற்று என்று பார்த்தோம். அதைவிட முதன்மையான கேள்வி, பணம் யாரிடமிருந்து வந்தது என்பது.

1990களில் தமிழ்நாட்டின் கடைத்தெருக்களில் பல மாநிலங்களின் சீட்டுகள் குவிந்தன. வாரம் ஒரு குலுக்கல் என்பது போய், நாளுக்குப் பல குலுக்கல் வந்தது. சீட்டின் கடைசி எண் ஒன்றை வைத்தே ஆடும் ஒற்றை எண் சீட்டு பரவிற்று. காலையில் வாங்கியவன் மாலையில் முடிவு பார்த்து, தோற்றதை மீட்க மீண்டும் வாங்கினான். நாடாளுமன்றம் 1998-ஆம் ஆண்டில் பரிசுச் சீட்டு ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. ஒற்றை எண்ணின் மேல் பரிசு கூடாது, ஒரு சீட்டுக்கு வாரம் ஒரு குலுக்கலுக்கு மேல் கூடாது, விற்பனைத் தொகை மாநில அரசின் பொதுக் கணக்கில் சேர வேண்டும் என்று அது விதித்தது. பணம் எந்த நற்பணிக்கு என்று அச்சட்டமும் சொல்லவில்லை. விரும்பும் மாநிலம் பிற மாநிலச் சீட்டுகளைத் தடை செய்யலாம் என்ற அதிகாரத்தையும் அது கொடுத்தது.

தமிழ்நாடு அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தியது. ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோது, 2003 ஜனவரியில், தன் சீட்டையும் சேர்த்து எல்லாச் சீட்டுகளையும் அரசு நிறுத்தியது. அன்றாடக் கூலி சீட்டில் கரைந்த குடும்பங்கள் மூச்சுவிட்டன. அதே நாளில், பலகை ஏந்திச் சீட்டு விற்றுப் பிழைத்தவர்கள், அவருள் கால் ஊனமுற்றோரும் பார்வையற்றோரும் உண்டு, பிழைப்பை இழந்தனர். அன்று தருமபுரி மாவட்டத்தில் இருந்த ஓசூரைத் தாண்டினால் கருநாடகம். அங்கே 2007-ஆம் ஆண்டு வரை சீட்டு தடை செய்யப்படவில்லை. எல்லைக் கோடு ஆசையைத் தடுப்பதில்லை. கள்ளத்தனமாக ‘மூன்று எண்’ சீட்டு விற்றவர்கள் கைதான செய்திகளைத் தடைக்குப் பின்னும் படித்து வருகிறோம். அந்தப் பணத்தில் வீட்டுக்கும் இல்லை, நாட்டுக்கும் இல்லை.

கடைத்தெருவில் சீட்டு விற்ற காலத்தில் நற்பணிக்குப் பணம் கொடுத்தவர் யார் என்று இப்போது சொல்லலாம் அல்லவா? அதியமானைப் போலத் தன்னிடம் இருந்த அரிய கனியைக் கொடுத்த அரசன் அல்லன் அவன். தன் பிள்ளையின் சோற்றிலிருந்து ஒரு பிடியை எடுத்து, தான் கொடுக்கிறோம் என்றே அறியாமல் கொடுத்த கூலிக்காரன். பங்கீடு எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், எடுத்த இடம் தவறென்றால் அது நல்ல பங்கீடு ஆகாது.

மூன்று கேள்விகள்

வாசகர்களே, நம் மாநிலத்தில் பரிசுச் சீட்டு இன்று வரலாறு. ஆனால் ‘நற்பணிக்கு’ என்று சொல்லிப் பணம் திரட்டுவது வரலாறு ஆகிவிடவில்லை. தருமபுரிப் பக்கம் கருங்கல் வெட்டி எடுக்கப்படுவதை நீங்கள் அறிவீர்கள். சுரங்கச் சட்டத்தில் 2015-ஆம் ஆண்டில் செய்த திருத்தத்தின்படி, கனிமம் எடுப்போர் செலுத்தும் ஒரு பங்கு, அதனால் பாதிக்கப்பட்ட ஊர்களின் நலனுக்காக மாவட்டக் கனிம அறக்கட்டளையில் சேர வேண்டும். குடிநீர், மருத்துவம், கல்வி ஆகியவை அதில் முன்னுரிமை பெற்றவை. இது சீட்டுப் பணத்தைப் போல முகம் தெரியாத பணம் அன்று. சேரும் இடமும் செலவாகும் இடமும் எழுதப்பட வேண்டிய பணம்.

இதைப் போன்ற எந்த நிதியைக் கண்டாலும் நெல்லிக்கனிக் கொடையில் இருந்த மூன்று செய்திகளைக் கேள்விகளாக்கிக் கேளுங்கள். கொடுப்பவர் யார்? எவ்வளவு வந்தது, அதில் வழியில் நின்றது எவ்வளவு? பெற்றவர் யார், அது அவருக்கு முன்பு கிடைத்து வந்ததற்கு மேல் கூடுதலா, அல்லது வெறும் மாற்றா? 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இக்கேள்விகளை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி அனுப்பும் உரிமையை உங்களுக்குக் கொடுத்திருக்கிறது.

உங்கள் ஊரில் ஒரு குடிநீர்த் தொட்டியோ பள்ளிக் கட்டடமோ புதிதாக எழுந்தால், அதன் சுவரில் எழுதியுள்ள நிதியின் பெயரை நின்று படியுங்கள். வகுப்பில் ஆசிரியரோடு சேர்ந்து அதன் கணக்கைத் தேடிப் பாருங்கள். ‘நாட்டுக்கு’ என்ற ஒரு சொல்லோடு மனநிறைவு கொண்ட தலைமுறை கேட்காமல் விட்ட கேள்வியை நீங்களாவது கேட்கலாம்.